இரண்டாவது சாவி

எனக்குச் சத்தம் ஆகாது. தீபாவளிக்குக்கூடக் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிற பிள்ளை நான். அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வெடி செய்து பிழைக்கிற ஜில்லாவில் இப்படியும் ஒருத்தியா என்று எங்கள் தெருவில் கேலி செய்வார்கள். யாராவது வெடிக்குத் திரி கிள்ளினாலே காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். ஆவுடையம்மாள் எப்படிப்பட்ட பொண்ணு என்று ராஜபாளையத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். இருக்கிற இடம் தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததைக் கேட்டவர்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கால் சில்லென்று கிடக்கிறது. விடிந்தால் பெரிய டீச்சர் அறையில் விசாரணை. சயின்ஸ் நடத்துகிற சௌந்தரபாண்டியன் சாருக்கு இனிமேல் வேலை உண்டா இல்லையா என்பது நான் அங்கே வாயைத் திறந்து என்ன சொல்கிறேன் என்பதில்தான் இருக்கிறது. அதனால் நடந்ததை ஒருதடவை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

போன வருஷம் ரஷ்யாவில் அணு உலை வெடித்தது அல்லவா, அதை வைத்து இந்த வருஷம் பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் நாடகப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, ‘அணுசக்தியும் மனிதப் பொறுப்பும்.’ மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மேஜைமேல் ஒரு குண்டு பல்பை வைத்து அதுதான் அணு உலை என்றன. எங்கள் சார் அப்படி இல்லை. நீர்மூழ்கிக் கப்பல் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மழை பெய்தால் கண்மாய் நிறையும். அதற்குமேல் தண்ணீரைப் பற்றி எங்களில் யாருக்கும் தெரியாது.

கதை இதுதான். கடலுக்கு அடியில் ஒரு கப்பல். எதிரி குண்டு போட்டுவிட்டான் என்று அரைகுறையாக ஒரு செய்தி வருகிறது. உடனே ஏவுகணையை விட வேண்டும் என்கிறார் கேப்டன். ஆனால் அவர் ஒருவர் நினைத்தால் விட முடியாது. கேப்டனிடம் ஒரு சாவி, உதவி கேப்டனிடம் ஒரு சாவி. இரண்டையும் திருப்பினால்தான் ஏவுகணை போகும். கேப்டன் திருப்பிவிடுகிறார். உதவி கேப்டன், ‘மாட்டேன் கேப்டன். என் கையில் கோடி உயிர் இருக்கிறது’ என்று மறுக்கிறார். கேப்டன் அவரைக் கன்னத்தில் அறைகிறார். அப்போதும் அவர் மறுக்கிறார். அந்த நேரம் பார்த்து ‘முதலில் வந்தது தவறான செய்தி’ என்று வயர்லெஸ் சொல்கிறது. உலகம் பிழைக்கிறது. திரை.

கேப்டன் என் வகுப்பு ஜெயபாய். உதவி கேப்டன் நான். வயர்லெஸ் பார்ப்பது அய்யம்மாள்.

ஜெயபாய் ஏன் கேப்டன் என்றால், அவளுடைய அப்பா தனுஷ்கோடி அண்ணாச்சிதான் கப்பலுக்குச் செலவு செய்தார். அவருக்கு பஜாரில் வெடிக்கடை. மூங்கில் பிளாச்சில் கூடு கட்டி, அதன்மேல் சத்திரப்பட்டியிலிருந்து வந்த பேண்டேஜ் துணியைச் சுற்றி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, பார்க்க நிஜமாகவே பயமாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு அண்ணாச்சி வந்து சுற்றிப் பார்த்தார்.

“ஏவுகணை எங்க சார்?”

“ஏவுகணை போகாது அண்ணாச்சி. போகாம தடுக்குறதுதான நாடகம்” என்றார் சார்.

“அதெப்படி சார். ராக்கெட்டு விடுத கப்பல்னு சொல்லித் துணி வாங்கிட்டு, இப்பப் போகாதுங்கீக. வெடிக்கடைக்காரன் காசுல நாடகம் போட்டு ஒரு புஸ்வாணம்கூட இல்லைன்னா, எங்க சொந்தக்காரன் எவனாச்சும் என்னைய மதிப்பானா?”

“கதைப்படி போகக் கூடாதுல்ல?”

“கதைய யாரு சார் பாக்கா.”

இந்தச் சண்டை ரொம்ப நேரம் நடந்தது. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். நாடகத்தில் ராக்கெட் போகாது. நாடகம் முடிந்து பரிசு வாங்கிய பிறகு, கப்பலை வெளியே மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பேட்டரியை மாட்டி, இரண்டு சாவியையும் திருப்பி, சமாதானத்தின் அடையாளமாக ஒரு ராக்கெட் விடுவது. அண்ணாச்சி முழங்கை நீளத்துக்கு ஒன்று தனியாகச் சொல்லிச் செய்துகொண்டுவந்து கப்பலின் குழாய்க்குள் பொருத்தினார். சமாதானத்துக்கு அவ்வளவு நீளம் தேவையா என்று சார் கேட்டார். பெரிய சமாதானம் என்றார் அண்ணாச்சி.

சாருக்கு அந்தச் சாவிப் பெட்டியில்தான் உயிரே இருந்தது. இரண்டு சாவித் துவாரத்தையும் ஒருத்தியே கையை விரித்துத் திருப்பிவிடக் கூடாது என்று, பள்ளிக்கூடத்திலேயே நீளக் கையுள்ள டிரில் டீச்சரை நிறுத்தி அளந்து, அதற்கும் ஒரு சாண் தள்ளி வைத்தார். கேப்டன் தன் சாவியைத் திருப்பிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. மாட்டிக்கொள்ளும். பெட்டியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஏன் சார் என்று அய்யம்மாள் கேட்டாள்.

“அப்பத்தான் மொத்தப் பொறுப்பும் உதவி கேப்டன் தலையில வந்து நிக்கும். ஒருத்திக்குக் கிறுக்குப் புடிச்சாலும் இன்னொருத்தி இருக்கா. உலகம் அந்த நம்பிக்கைலதான் ஓடிக்கிட்டிருக்கு, தெரியுமா? எல்லாம் ஆவுடை கையில.”

சொல்லிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார். என்னை அதுவரைக்கும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது ஜெயபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாடகத்தில் கேப்டன் ஆனதும் அவள் வெளியிலும் கேப்டன் ஆகிவிட்டாள். வகுப்பில் ஜன்னல் ஓரம் கேப்டனுக்கு என்றாள். கொடுத்தேன். தண்ணீர்க் குழாயில் கேப்டன் முதலில் குடிக்க வேண்டும் என்றாள். நின்றேன். ஒருநாள் என் தூக்குச்சட்டியைத் திறந்து, “ஏட்டி, முட்டை கேப்டனுக்கு. ஒனக்கு ஏங்கிட்டருந்து உத்தரவு வந்தாத்தான் முட்டை” என்று எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. அது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா முட்டையைச் சரிபாதியாக வெட்டி மிளகுத்தூள் தூவியிருந்தாள்.

அப்புறம் அந்த அறை. ஒத்திகையில் கையை ஓங்கினால் போதும் என்றுதான் சார் முதலில் சொன்னார். ஜெயபாய் ஒருநாள் நிஜமாகவே வைத்தாள். சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. ஒத்திகை பார்க்க வந்த டீச்சர்கள் எல்லாம் கைதட்டினார்கள். சாருக்கும் வேறு வழியில்லை. “செத்த மெதுவா வையி, ஆனா நல்லாருக்கு” என்றார். அதிலிருந்து தினமும் விழுந்தது. நான் தினமும் மறுத்தேன், தினமும் உலகத்தைக் காப்பாற்றினேன், தினமும் வீங்கின கன்னத்தோடு வீட்டுக்குப் போனேன். பல்வலி என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கிராம்பு கொடுத்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். உதவி கேப்டன் மறுத்தால்தான் அறை. மறுக்காவிட்டால் அறை கிடையாது. இது எனக்குப் படுத்திருக்கும்போது தோன்றிய ஒரு கணக்கு. தோன்றியது, அவ்வளவுதான்.

நேற்றுக் காலையில் கப்பலை பஸ் மேலே ஏற்றிக் கட்டினோம். கண்டக்டர் கீழேயிருந்தே கத்தினார். “ஏலே, என்னலே அது, எருமை செத்துக் கெடக்கா?” வழியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு பாட்டியம்மா மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, எந்த ஊர் சாமியோட வாகனம் என்று கேட்டார். அய்யம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரஷ்யாக்காரன் சாமி என்று ஜெயபாய் சொன்னாள். அந்தம்மா இன்னொரு தடவை கும்பிட்டுக்கொண்டார்.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மைதானத்துப் பக்கத்து ஜன்னலை மறைத்து ஆள் உயரத்துக்கு பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கப்பலின் மூக்கை அந்தப் பக்கம் வைக்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். ஏவுகணைக் குழாய் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே முற்றத்தில் தென்னங்கிடுகு போட்ட பந்தல். வந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அங்கேதான் மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது.

“பேட்டரி மாட்டலைல்ல, ஒண்ணும் ஆகாது. முடிஞ்சதும் வெளிய தூக்கிருவோம்” என்றார் சார்.

சார் சொன்னது சரிதான். பேட்டரி மாட்டாத வரைக்கும் அது வெறும் மூங்கிலும் துணியும்தான். ஆனால் தனுஷ்கோடி அண்ணாச்சி காலண்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் முறை முடிவதற்குள் ராகுகாலம் பிறந்துவிடும். நாங்கள் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது கப்பலுக்குப் பின்னால் குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். நான்தான் பார்த்தேன்.

“என்ன மாமா பண்ணுதீய?”

“ஒண்ணுமில்ல தாயி. நல்ல நேரத்துல பேட்டரிய மாட்டிட்டா, பொறவு எப்ப விட்டாலும் நல்ல நேரத்துல விட்ட கணக்குத்தான். சார்ட்டச் சொல்லாத, அவிய ராகுகாலம்னாலே சண்டைக்கு வருவாக.”

நான் சொல்லவில்லை. பெரியவர்கள் சொல்லாதே என்றால் நான் சொல்ல மாட்டேன். அப்படித்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள்.

மேடை ஏறினோம். முன் வரிசையில் நடுவர்கள். மூன்றாவது வரிசையில் அதே ஊரில் மடவார் வளாகத்தில் இருக்கிற என் அத்தை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. எங்க அண்ணன் மக கப்பல் ஓட்டப்போறா என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவர்கள் முன்னால்தான் நான் அறை வாங்க வேண்டும்.

நாடகம் நன்றாகப் போனது. அரைகுறைச் செய்தி வந்தது. ஜெயபாய் தன் சாவியைத் திருப்பினாள். “உதவி கேப்டன், உன் சாவியைத் திருப்பு. இது என் உத்தரவு” என்றாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். நான் பேச வேண்டிய வசனம் வந்தது. மாட்டேன் கேப்டன்.

நான், “சரி கேப்டன்” என்றேன்.

திருப்பினேன்.

சார் செய்துவைத்தது எல்லாம் சரியாக வேலை செய்தது. முதலில் உஸ்ஸென்று ஒரு சத்தம். பிறகு கப்பல் ஒருதடவை உலுக்கியது. பிறகு ஜன்னல் வழியாக வெளிச்சம் போயிற்று. காதைப் பொத்திக்கொள்ள மறந்துபோனேன்.

இதில் சிரிப்பு என்னவென்றால், அய்யம்மாளுக்கு எது நடந்தாலும் வசனத்தை மாற்றத் தெரியாது. அவள் எழுந்து நின்று, “கேப்டன், முதலில் வந்தது தவறான செய்தி. உலகம் காப்பாற்றப்பட்டது” என்று கணீரென்று சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பந்தல் எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நடுவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், தத்ரூபம், தத்ரூபம் என்றார். அத்தை விசிலடிக்கச் சொல்லித் தன் மகனை இடித்தாள். புகை உள்ளே வந்த பிறகுதான் ஒவ்வொருவராகத் தட்டுவதை நிறுத்தினார்கள்.

தீயைச் சமையல்காரர்கள்தான் அணைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி தூரத்தில் இருந்தது. ரசம் பக்கத்தில் இருந்தது. அண்டா ரசத்தையும் தூக்கி ஊற்றினார்கள். போதவில்லை, சாம்பாரையும் ஊற்றினார்கள். அன்றைக்கு எட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பன் தின்றார்கள். முத்தாத்தாள் என்கிற சமையல்கார அம்மாவுக்கு வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று. இனி அந்தக் கையால் கரண்டி பிடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று தெரியவில்லையாம். அவர் மேலே கிடுகு விழுந்தபோதும் அண்டாவை விடவில்லை என்றார்கள். பொறுப்பான அம்மா.

கூட்டம் மேடையைச் சூழ்ந்துகொண்டது. யார் செய்தது, யார் செய்தது என்று ஒரே கூச்சல். அப்போது சார் முன்னால் வந்து நின்றார். சட்டையெல்லாம் கரி.

“புள்ளைகள யாரும் கேக்காதீங்க. பெட்டி நான் செஞ்சது. பேட்டரிய நான் பாத்திருக்கணும். பொறுப்பு எனக்குத்தான்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “பயத்துல கை தானா திரும்பிருச்சு, அப்படித்தானம்மா? விடு. நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நான் அழுதேன். அந்த அழுகை நிஜம்.

பெரிய டீச்சர் பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டார். காரணம் சார்தான் என்றால் சாருக்கு வேலை போகும். பிள்ளைகளில் யாராவது சொல்லித்தான் இது நடந்தது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு டி.சி. சாருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். சின்னது இன்னும் நடக்கவில்லை. எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அதனால் நாளைக்கு நான் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன்.

என்ன சொல்வேன் என்றால், பேட்டரியை மாட்டியது சார் இல்லை, தனுஷ்கோடி மாமா. நான் கண்ணால் பார்த்தேன். திருப்பச் சொன்னது ஜெயபாய். மைக்கில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். திருப்பாவிட்டால் அவள் அறைவாள். எப்படி அறைவாள் என்று டீச்சர்களுக்கே தெரியும், கைதட்டியிருக்கிறார்கள். அறைக்குப் பயந்து திருப்பிவிட்டேன். கன்னத்தைக்கூடக் காட்டலாம், இன்னும் லேசாகத் தடிப்பு இருக்கிறது. இதில் எது பொய், சொல்லுங்கள். சாரின் வேலை தப்பித்துவிடும்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதை விசாரணையில் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

பேட்டரி மாட்டியிருந்தால், கேப்டன் சாவி திரும்பியதும் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஒத்திகையில் ஒருநாளும் எரிந்ததில்லை. நேற்று எரிந்தது. ஜெயபாய் அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய சாவி மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. ஜன்னல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முத்தாத்தாளம்மா குனிந்து அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

மைக்கில் உத்தரவு போட்ட அதே மூச்சில், ஜெயபாய் வாயைப் பக்கவாட்டில் திருப்பி என்னிடம் மட்டும் சொன்னாள். “ஏட்டி ஆவுடை, லைட்டு எரியுது. திருப்பிராத. எங்கப்பா சத்தியமா ஒன்ன அடிக்க மாட்டேன். ஒனக்குப் புண்ணியமாப் போகும், திருப்பிராத.”

கேப்டன் என்னிடம் கெஞ்சினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மேக்கப் மீசை ஒரு பக்கம் நனைந்து தொங்கியது. எனக்கு உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு குளிர்ச்சி ஏறியது. ரொம்ப நன்றாக இருந்தது. செத்த நேரம் அப்படியே இருக்க வேண்டும்போலத் தோன்றியது, ஆனால் முன்வரிசை காத்திருந்தது.

ஒரே கேப்டன் இரண்டு உத்தரவு போட்டால் கீழே இருக்கிறவள் என்ன செய்வாள்? நீங்களே சொல்லுங்கள். எது எல்லோருக்கும் கேட்டதோ அதைத்தானே செய்ய வேண்டும். அதைத்தான் செய்தேன்.

நாளைக்கு ஜெயபாய் இதைச் சொல்லத்தான் சொல்வாள். யாரும் நம்பப்போவதில்லை. பாவமாக இருக்கிறது. டி.சி. வாங்கிக்கொண்டு போகும்போது வாசல்வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வரலாம் என்று நினைத்திருக்கிறேன்.

சாரைக் காப்பாற்ற வேண்டும். எல்லாம் என் கையில் இருக்கிறது என்று அவர்தானே சொன்னார்.